தொடாத வெந்நீர்

கமியுசாவா,
நவம்பர் 9

டெய்ஜி-சானுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பஸ் கடைசி வளைவில் திரும்பியதுமே கந்தக வாடை மூக்கில் ஏறியது. உங்களுக்கு அது அழுகிய முட்டை நாற்றம், உங்கள் அம்மாவுக்கு மணம். "அந்தத் தண்ணியில ஒரு குளிர்காலம் கிடந்துதான் உன் புருஷனைப் பெத்தேன்" என்று ரயிலடியிலும் ஒரு தடவை சொல்லித்தான் என்னை அனுப்பினார்.

போன் வேண்டாம், கடிதமே எழுதிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னது சரிதான். போனில் எதில் தொடங்கினாலும் ஆஸ்பத்திரியில் போய் நிற்கிறோம், அப்புறம் யாராவது ஒருவர் அழுகிறோம். கடிதத்தில் சண்டை போட்டாலும் தபால்காரர் பையில் கிடந்து கொஞ்சம் ஆறித்தான் வரும்.

எனக்குக் கிடைத்திருப்பது வெந்நீர் ஊற்று விடுதியின் பழைய பகுதி. அறுவடை முடிந்த விவசாயிகள் அரிசி மூட்டையோடு வந்து, பொது அடுக்களையில் தாங்களே பொங்கிச் சாப்பிட்டு, வாரக்கணக்கில் வெந்நீரில் ஊறிவிட்டுப் போகும் இடம். பாய் விரித்த சின்ன அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மெத்தை போர்த்திய கணப்பு மேசை. மேசைக்கு மேலே லேப்டாப், கீழே என் கால். காலையிலிருந்து மாலை வரை இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் கார் நசுங்கினவர்களுக்கும் கூரை பறந்தவர்களுக்கும் 'மிகவும் வருந்துகிறோம்' என்று பதில் எழுதுகிறேன். யோகோஹாமாவில் செய்த அதே வேலைதான். ஜன்னலுக்கு வெளியே மட்டும் ஆவி.

பக்கத்து அறையில் குமே-சான் என்று ஓர் அம்மாள். ஆப்பிள் தோட்டக்காரர், முழங்கால் வலிக்காக வந்திருக்கிறார். முதல் நாளே கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டார்.

"ஏம்மா யோகோஹாமாக்காரி, அந்தப் பொட்டியோட என்ன ஓயாத பேச்சு?"

"கார் மோதினவங்களுக்குப் பதில் எழுதறேன்."

"மோதினது நீ இல்லையே. அப்புறம் நீ எதுக்கு வருத்தப்படற?"

கேமராவில் மேனேஜர் இருந்தார், அவர் சிரித்துவிட்டார்.

சட்டைகளை இஸ்திரி போடாமல் போகாதீர்கள்.

மிசாவோ


யோகோஹாமா,
நவம்பர் 21

மிசாவோ,

உன் கடிதம் வந்தது. எழுதிப் பழக்கமில்லை எனக்கு. ரயில்வே சிக்னல் பெட்டியில் என்ன கோளாறு என்று அறிக்கை எழுதுவதோடு சரி. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். உறைய வைத்திருக்கும் கருவில் மிச்சம் ஒன்றுதான். ஜனவரியில் வைத்துக்கொள்ளலாமா என்கிறார்கள். உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும், அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் இதோடு போதும், மிசாவோ. இது பிடிக்கவில்லை என்றால் மறுபடி ஊசி, மறுபடி முதலிலிருந்து என்று நீ கேட்கக்கூடாது. நான் உடன்பட மாட்டேன். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. கடிதம் நல்லதுதான்.

அந்தத் தண்ணீரில் எனக்கு நம்பிக்கை இல்லை. அம்மாவின் வாயை அடைக்க நீ போயிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். இப்போது உன் கையெழுத்தைப் பார்த்தால் அங்கே நன்றாக இருக்கிறாய் போலத் தெரிகிறது. அது போதும்.

சட்டைகளை இஸ்திரி போடாமல்தான் போகிறேன். மேலே கோட்டுப் போட்டுக்கொண்டால் தெரியாது.

டெய்ஜி


கமியுசாவா,
டிசம்பர் 17

டெய்ஜி-சானுக்கு,

இதோடு போதும் என்று நீங்கள் எழுதியதை அடிக்கடி எடுத்துப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு நானும் களைத்துத்தான் போயிருக்கிறேன் என்று தோன்றியது. சரி. இதுவே கடைசி. நான் கேட்க மாட்டேன்.

இங்கே பனி ஜன்னலில் பாதி வரை ஏறிவிட்டது. நேற்று மீட்டிங் நடுவில் குமே-சான் குளியல் துண்டோடு உள்ளே வந்து, கேமராவுக்கு முன்னாலேயே புகையூட்டிய முள்ளங்கி ஊறுகாயை என் வாயில் திணித்துவிட்டுப் போனார். ஆபீஸ் முழுக்கப் பார்த்தது. "மிசாவோ-சான், நீங்க வேலைக்குப் போயிருக்கீங்களா, விருந்துக்குப் போயிருக்கீங்களா?" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் குரலில் சிரிப்பு இல்லை. வெளியூரிலிருந்தே வேலை பார்க்கிறவர்களைப் பற்றி மேலிடத்தில் ஏதோ பேசுகிறார்களாம்.

மாலை வேலை முடிந்ததும் குளியல் கொட்டகைக்குப் போகிறேன். ஊற்று வரும் மூலையில், தண்ணீருக்கு அடியில் ஒரு தட்டைக் கல் இருக்கிறது. பிள்ளை வேண்டுகிறவர்கள் அதில்தான் உட்கார வேண்டுமாம். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் உள்ளே வந்தால் எல்லோரும் அந்த மூலையை விட்டு நகர்ந்துகொள்கிறார்கள். ஒரு நாள் குமே-சான் அதில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தடதடவென்று எழுந்தார்: "ஐயையோ, இந்த வயசுல எனக்கு ஒண்ணு பொறந்து தொலைச்சா என் வீட்டுக்காரர் பயந்து ஓடிருவாரு! நீ உக்காரும்மா."

உட்கார்ந்தேன். நம்பி அல்ல. கூச்சமாகவும் இருந்தது. ஆனால் முதுகில் ஊற்று மோத மோத, ஆஸ்பத்திரியில் எத்தனையோ வருடம் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த உடம்பு தானாக நெகிழ்ந்த மாதிரி இருந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

புத்தாண்டுக்கு வாருங்கள். முதல் நாள் காலையில் தொட்டிகளைக் கழுவிப் புதுத்தண்ணீர் விடுவார்கள். விடுதியிலிருக்கும் எல்லோரும் சேர்ந்து அரிசி இடித்து மோச்சி செய்வார்கள். உங்களுக்கும் ஓர் உலக்கை வைத்திருப்பதாகக் குமே-சான் சொல்லச் சொன்னார்.

மிசாவோ


யோகோஹாமா,
ஜனவரி 19

மிசாவோ,

இப்படியா செய்வது?

வேலை முடிந்து வந்து பார்த்தால் உன் செருப்பு இல்லை. பெட்டி இல்லை. ரயிலிலிருந்து ஒரு செய்தி: 'அந்த வீட்டில் காத்திருக்க என்னால் முடியாது.' ஆஸ்பத்திரிக்காக வீட்டுக்கு வந்தவள், கருவை உள்ளே வைத்த சூடு ஆறவில்லை, மறுபடி பனியில் ரயில் ஏறிப் போகிறாய். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் நீ எந்த மூலையில் உட்கார்ந்து காத்திருந்தாய், எந்த மூலையில் விழுந்து அழுதாய் என்று எனக்கும் தெரியும். நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். இப்போதும் இருக்கிறேன்.

புத்தாண்டில் அங்கே வந்தபோது நான் தூங்கித் தீர்த்தேன் என்று நீ வருத்தப்பட்டாய். தூங்கினது மட்டுமில்லை. மோச்சி இடிக்கும் இடத்தில் நீ அந்தப் பெண்களோடு சிரித்துக்கொண்டிருந்ததைத் தூரத்தில் நின்று பார்த்தேன். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடங்கள் ஆகின்றன. நான் பக்கத்தில் வந்ததும் நிறுத்திவிட்டாய். அதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன்.

போகட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெந்நீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் உன்னிடம் மட்டுமல்ல, என்னிடமும் சொன்னார். அம்மா சொன்னது, அந்தக் கல், அந்தப் பெண்கள் எல்லாவற்றையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வை. இறங்க மாட்டேன் என்று ஒரு வரி எழுது. நிம்மதியாக வேலைக்குப் போவேன்.

டெய்ஜி


கமியுசாவா,
ஜனவரி 26

டெய்ஜி-சானுக்கு,

நன்றாக இருக்கிறேன். வேலை பார்க்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கணப்பைக்கூடக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை. சின்னப் பெண்ணிடம் சத்தியம் வாங்குவது போல் கேட்கிறீர்கள். இந்தக் குழந்தைக்காக என்னென்ன செய்தேன், என்னென்ன விட்டேன் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களே என்னை நம்பவில்லை என்றால் எழுதிக் கொடுத்து என்ன பயன்?

இன்று நெஞ்சு லேசாகக் கனக்கிறது. நல்ல அறிகுறியாக இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆசைப்பட வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே ஆசைப்படுகிறேன். இரத்தப் பரிசோதனைக்கு மலையடிவார ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவேன். முடிவு தெரிந்ததும் செய்தி அனுப்புகிறேன்.

மிசாவோ


யோகோஹாமா,
பிப்ரவரி 4

மிசாவோ,

'இல்லை' என்று ஒரே சொல் அனுப்பினாய். நான் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பரிசோதனைக்கு முந்தின வாரம், மனம் கேட்காமல் விடுதிக்கு போன் செய்தேன். விடுதியம்மாதான் எடுத்தார். "மிசாவோ-சானா? எல்லாரோடயும் குளியல் கொட்டகையில இருக்காங்களே, கூப்பிடவா?" என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அந்த ஒரு வரியை நீ ஏன் எழுதவில்லை என்று அப்போது புரிந்தது.

நமக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். டாக்டர் வேண்டாம் என்றார். நான் கெஞ்சினேன். உனக்கு யாரோ கிராமத்துக்காரிகள் சொன்ன கல்தான் பெரிதாகிவிட்டது. அந்தத் தண்ணீரில் அதைக் கரைத்துவிட்டு வந்து, 'இல்லை' என்று எனக்குச் செய்தி அனுப்புகிறாய்.

எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். தபாலில் போடப் போகிறேன்.

டெய்ஜி


கமியுசாவா,
பிப்ரவரி 12

டெய்ஜி-சானுக்கு,

உங்கள் கடிதம் ஆறாமல்தான் வந்தது.

ஆமாம், அன்று குளியல் கொட்டகையில்தான் இருந்தேன். அன்று மட்டுமல்ல, தினமும் இருந்தேன். கழுவுகிற இடத்தில், ஓரத்து மரப்பலகையில். குமே-சான் ஊற்று நீரை வாளியில் பிடித்து, வெளியே போய்ப் பனியை அள்ளிப் போட்டு, தன் முழங்கையை விட்டுப் பார்த்து, இளஞ்சூடாக ஆற்றிக் கொண்டுவந்து தருவார். பிரசவித்தவளைத் துடைப்பது போல அதில் துணியை நனைத்து என் முதுகைத் துடைத்துவிடுவார். மற்றவர்கள் தொட்டியில் இருப்பார்கள். நான் பலகையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். தொட்டியில் ஒரு கால் விரலைக்கூட நான் வைக்கவில்லை.

யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் யோகோஹாமாவிலிருந்து திரும்பி வந்தவள் தண்ணீரில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் பெண்களுக்குப் புரியாதா? நடைவழியில் புகை பிடிப்பவர்கள் தாங்களாகவே வெளியே போய்ப் பிடித்தார்கள். குமே-சானின் கணவர் கென்ஸோ-சான் பஸ் நிறுத்தம் வரை பனியை வெட்டிச் சாம்பல் தூவி வைத்தார், நான் வழுக்கிவிடக்கூடாது என்று. முன்பின் தெரியாதவர்கள். அவர்களில் ஒருவரும் என்னிடம் ஒரு வரி எழுதித் தரச் சொல்லவில்லை.

பரிசோதனை முடிந்து நான் திரும்பி வந்தபோது எல்லோரும் அடுக்களையில் இருந்தார்கள். வேலை இருக்கிற மாதிரி பாவனை. என் முகத்தைப் பார்த்ததும் குமே-சான் ஒரு கிண்ணம் நிறையக் குழம்பை ஊற்றி முன்னால் வைத்தார். "சாப்பிடு. அழறதுக்கும் தெம்பு வேணும்ல" என்றார்.

அடுத்த நாள் காலையில் வேலைக்கு உட்கார்ந்தேன். அலமாரி சாய்ந்து பாத்திரம் எல்லாம் நொறுங்கிப் போன ஒருவருக்கு 'மிகவும் வருந்துகிறோம்' என்று எழுதினேன். நான் எழுதியதை உங்களுக்கும் ஒரு நகல் அனுப்பலாமா என்று தோன்றியது. வருந்துகிறோம் என்று எப்படி எழுதினால் எதிரிலிருப்பவர் அடங்குவார் என்பது எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில். உங்களுக்கு அப்படி ஒன்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் இறங்கியே இருந்தாலும் அதனால் எதுவும் மாறியிருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கரு முதல் சில நாட்களிலேயே நின்றிருக்குமாம். இது நியாயம் கேட்பதற்காக அல்ல. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பதில் வேண்டாம்.

மிசாவோ


யோகோஹாமா,
பிப்ரவரி 23

மிசாவோ,

பதில் வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததும் லீவு போட்டுவிட்டு வந்தேன். நான் வந்தது உனக்குத் தெரியும். மேலே உன் அறையில் விளக்கு எரிந்தது. வாசல் படியில் உட்கார்ந்தேன். விடுதியம்மா இரண்டு தடவை மேலே போய்விட்டு வந்தார், இரண்டு தடவையும் என் முகத்தைப் பார்க்காமல் தேநீர் வைத்தார். அப்புறம் உன் குமே-சான் வந்தார்.

"நீங்கதானா அந்தக் கடுதாசிக்காரர்?"

ஆமாம் என்றேன்.

"அவ இறங்கி வர மாட்டா. உங்களைப் பாக்கக் கூடாதுன்னு இல்ல. பாத்தா உங்க கூடவே கெளம்பிருவேன்னு பயப்படறா. அதுவும் ஒரு வகைப் பாசம்தான், வச்சுக்குங்க. இவ்வளவு தூரம் வந்திட்டீங்க, குளிச்சிட்டுப் போங்க. ஆம்பளைக்கு யாரு தடை போட்டா?"

அந்தக் கடைசி வார்த்தையை அவர் வேண்டுமென்றேதான் சொன்னார். நான் போய்க் குளித்தேன். நீ உட்கார்ந்திருந்த பலகை சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில். ஆண்கள் பக்கமும் ஓரத்தில் ஒரு மரப்பலகை இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தேனோ, தலை சுற்றியது, ஒருவர் கைபிடித்து வெளியே கொண்டுவந்தார். கடைசி பஸ்ஸில் திரும்பினேன்.

அந்தக் கடிதத்தை நான் ஏன் எழுதினேன் என்று ரயிலில் யோசித்தேன். போனில் கேட்டதால் மட்டும் இல்லை. 'இல்லை' என்று உன் செய்தி வந்தபோது நான் சிக்னல் கம்பத்தில் இருந்தேன். படித்ததும் முதலில் ஒரு பெருமூச்சு வந்தது, மிசாவோ. அழுகை இல்லை. அப்பாடா, முடிந்தது என்று. உடனே அதை மறைக்க ஏதாவது வேண்டியிருந்தது, அங்கே நீ இருந்தாய். நான் விடுதலை அடைந்த மாதிரி இருந்ததற்கு உன்னைக் குற்றவாளி ஆக்கினேன்.

இதை எழுதினால் என்னை இன்னும் வெறுப்பாய். எழுதாவிட்டால் நீ எந்தக் காலத்திலும் தெரிந்துகொள்ள மாட்டாய். இரண்டில் எது உனக்குக் குறைந்த வலி என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் இனிமேல் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அழுதார். குழந்தைக்கென்று ஒதுக்கி வைத்த, தெற்குப் பார்த்த அந்தச் சின்ன அறையைக் காலி செய்கிறேன். உன் வேலைக்கு ஒரு நல்ல மேசை அங்கே போடலாம். வருவாய் என்று சொல்லவில்லை. வந்தால்.

டெய்ஜி


கமியுசாவா,
மார்ச் 24

டெய்ஜி-சானுக்கு,

நீங்கள் வந்த அன்று ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று உங்கள் பஸ் போவதைப் பார்த்தேன். தலையைத் துவட்டாமல் ஏறினீர்கள். சளி பிடித்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் இருந்த பெருமூச்சைப் பற்றி வெகுநாள் யோசித்தேன். வெறுப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எனக்கும் அந்தப் பெருமூச்சு வந்திருந்தால் நாம் இருவரும் சேர்ந்து அழுதிருக்கலாம். எனக்கு வரவில்லை. நான் இன்னும் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அதற்கு மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை.

ஏப்ரலிலிருந்து எல்லோரும் ஆபீசுக்கு வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். "உங்களுக்கு மட்டும் தனி விதி போட முடியாது, மிசாவோ-சான். வெந்நீர் ஊர் எங்கயும் ஓடிப் போகாது, லீவுல போய்க்குங்க" என்றார்.

இங்கேயே இருக்க முடியுமா என்றும் பார்த்தேன். அதை உங்களிடம் மறைக்கவில்லை. விடுதியம்மாவிடம் அடுக்களை வேலையாவது தருவீர்களா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பழைய பகுதியை இந்த வசந்தத்தோடு மூடுகிறார்களாம். பொங்கிச் சாப்பிட்டுத் தங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், கூரை அடுத்த பனியைத் தாங்காது என்கிறார். "உங்களை வச்சிக்கணும்னு ஆசைதான். எங்களையே வச்சிக்க இடமில்லம்மா" என்றார். ஊரில் வேறு இடங்களிலும் விசாரித்தேன். இந்த ஊர்ப் பெண்களே வேலைக்கு நகரத்துக்குப் போகிறார்கள்.

குமே-சான் போன வாரம் கிளம்பிவிட்டார். ஆப்பிள் மரங்களைக் கவாத்து செய்யும் நேரம். கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்தேன். "யோகோஹாமாக்காரி, ஒடம்பைப் பாத்துக்க" என்று ஒரே வார்த்தை. லாரியில் ஏறிய பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய அறை திறந்து கிடக்கிறது, பாயில் அடுப்பு வைத்த தடம் மட்டும் இருக்கிறது.

யோகோஹாமா போய்த் திரும்பிய பிறகு, நேற்றுத்தான் முதல் தடவையாகத் தண்ணீரில் இறங்கினேன். கொட்டகையில் ஒருவரும் இல்லை. கல்லின் மேல் உட்காரவில்லை, வேறு பக்கம் உட்கார்ந்தேன். வெறும் வெந்நீர், டெய்ஜி-சான். இதமாக இருந்தது. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. இவ்வளவு காலம் இதில் எதையோ தேடினேனே என்று அழுகை வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. தோல் சுருங்கும் வரை இருந்துவிட்டு எழுந்தேன்.

போவதற்கு வேறு இடம் இல்லாததால் வீட்டுக்கு வருகிறேன். இதை அழகாக எழுத எனக்குத் தெரியும், உங்களுக்கு அப்படி எழுத விரும்பவில்லை. பழையபடி ஆகும் என்று நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம். நானும் எதிர்பார்க்கவில்லை. ஒருவேளை ஒரே வீட்டில் இரண்டு பேர் அவரவர் வேலைக்குப் போய் வந்து கொண்டிருப்போம். பல பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அந்தச் சின்ன அறையில் எனக்கு மேசை போட வேண்டாம். அதைச் சாத்தி வையுங்கள்.

ஞாயிறு மாலை வந்து சேருவேன். ரயிலடிக்கு வர வேண்டாம். வீட்டிலிருந்தாலும் கதவு திறக்க எழுந்து வர வேண்டாம். சாவி என்னிடம் இருக்கிறது.

மிசாவோ